ஹெடரில் அடித்த பெயின்ற் ஏன் நிற்கவில்லை?

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பழைய டொயோட்டா கொரொல்லா கார், 4கே எஞ்சின். எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்புகிற வார்ப்பு இரும்பு மனிபோல்ட் வெடித்துப்போக, அதைக் கழற்றிவிட்டு, பக்கத்து வெல்டிங் கடையில் குழாய் வளைத்து, சிலிண்டருக்கு ஒரு கால் வீதம் நான்கு கால் ஹெடர் செய்து பூட்டியிருக்கிறார். ஹாட்வெயார் கடையில் வாங்கிய சில்வர் பெயின்ற்றை இரண்டு தரம் அடித்தார். சில நாட்களிலேயே புகைந்து, கறுத்து, தூளாக உதிர்ந்துவிட்டது. இப்போது துரு ஏறுகிறது. எந்தப் பெயின்ற் அடித்தால் நிற்கும், செரமிக் கோட்டிங் செய்யலாமா, கண்ணாடி நூல் நாடா சுற்றினால் போதுமா என்பதுதான் கேள்வி.

தம்பி, பெயின்ற்றின் பெயரைச் சொல்ல முதல் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். அந்தக் குழாய் என்ன குழாய்? முதலில் எந்த இடத்தில் எரிந்தது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கி அடித்தாலும் அடுத்த மாரிக்குள் திரும்பவும் உதிரும்.

குழாயிலிருந்து தொடங்குவோம். எங்கள் பக்கத்து வெல்டிங் கடைகளில் கைக்கு எட்டுவது தண்ணீர் வேலைக்கு வரும் ஜி.ஐ. குழாய்தான். இரும்பின் மேல் நாகம் (சிங்க்) பூசியது அது. நாகம் 419 பாகை செல்சியசில் உருகிவிடும். பெற்றோல் எஞ்சின் பாரத்தோடு ஓடும்போது சிலிண்டர் ஹெட்டிலிருந்து வெளிவரும் வாயு 700 முதல் 900 பாகை வரை இருக்கும். குழாயின் வெளிப்பக்கம் அதைவிடக் குறைவுதான், ஆனாலும் ஹெட்டுக்குக் கிட்ட 500 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அங்கே நாகம் உருகி, வெள்ளைத் தூளாக மாறி, மேலே இருக்கும் பூச்சை அடியிலிருந்து தள்ளிவிடும். உலகத்தில் எந்தப் பெயின்ற்றும் அதன் மேல் நிற்காது.

உங்களுடையது ஜி.ஐ. குழாயா என்று கண்டுபிடிப்பது சுலபம். சூடு குறைவான கடைசிப் பகுதியைச் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பூப்போட்ட மாதிரி ஒரு படலம் இருந்தால் அது நாகம். வெல்டிங் செய்தவரிடமும் கேளுங்கள். ஒட்டும்போது வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்ததா, அன்றிரவு அவருக்குக் குளிர்காய்ச்சல் மாதிரி வந்ததா என்று கேட்டால் தெரிந்துவிடும். நாகப் புகையை மூச்சில் இழுத்தால் அப்படித்தான் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் அதைத் தடுப்பதில்லை. வெளியில் காற்றோட்டமான இடத்தில், ஒட்டப்போகும் இடத்து நாகத்தை முதலே எடுத்துவிட்டு ஒட்டுவதுதான் வழி.

ஜி.ஐ. என்றால் என் ஆலோசனை, அந்த ஹெடரை வைத்துக்கொண்டு போராட வேண்டாம் என்பதே. நாகம் பூசாத கறுப்புக் குழாயில், 1.5 முதல் 2 மில்லிமீற்றர் சுவருள்ளதில், திரும்பச் செய்வியுங்கள். அது முடியாது, இதைத்தான் வைத்திருக்க வேண்டும் என்றால் வெளிப்பக்க நாகத்தை ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அகற்றலாம். ஆனால் அது திறந்த வெளியில், கையுறை, கண்ணாடியோடு செய்கிற வேலை. அப்போது வருவது ஐதரசன் வாயு, பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பிறகு சலவைச் சோடாக் கரைசலில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே சூடு காட்டிக் காயவைக்க வேண்டும். அமிலம் ஒரு துளி வெல்டிங் இடுக்கில் தங்கினாலும் அங்கேயிருந்து துரு கிளம்பும்.

இனி இரண்டாவது கேள்வி: எங்கே முதலில் எரிந்தது? இதை யாரும் பார்ப்பதில்லை. எரிந்த பெயின்ற்றைச் சுரண்டித் தள்ளிவிட்டு அடுத்த டின்னைத் திறந்துவிடுகிறார்கள். எரிந்த அடையாளம் எஞ்சினின் நிலையை அப்படியே எழுதிக் காட்டும். சுரண்ட முதல் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நான்கு காலும் ஹெட்டுக்குக் கிட்ட ஒரே அளவில் எரிந்திருந்து, இரவில் பொனற்றைத் திறந்தால் மங்கலான சிவப்புத் தெரிகிறது என்றால் முதலில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடுகிற நேரத்தை, பாருங்கள். டைமிங் பிந்தினால் சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டியது குழாய்க்குள் வந்து எரியும். கார் இழுவை குறையும், குழாய் சிவக்கும். இருட்டில் கண்ணுக்குச் சிவப்புத் தெரிய 500 பாகைக்கு மேல் வேண்டும். ஏ9 வீதி மாதிரி சமதரையில் அமைதியாக ஓடும் கார் அப்படிச் சிவக்கத் தேவையில்லை.

ஒரு கால் மட்டும் மற்றவற்றைவிட மோசமாக எரிந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் காற்று அதிகம் போகிறது என்று சந்தேகப்படலாம். காற்றும் பெற்றோலும் உள்ளே போகிற இன்டேக் பக்கத்து கஸ்கட் (இடைவெளியை அடைக்கும் தகடு) அந்த இடத்தில் காற்று இழுக்கும். அல்லது புகை வெளியேறுகிற அந்த எக்ஸோஸ்ட் வால்வ் சரியாக உட்காரவில்லை. 4கே எஞ்சினில் இன்டேக், எக்ஸோஸ்ட் இரண்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. வார்ப்பு மனிபோல்ட்டைக் கழற்றும்போது இன்டேக்கும் சேர்ந்து அசையும். புதிய ஹெடரின் பிளேஞ் (ஹெட்டோடு பூட்டுகிற தட்டு) தடிப்பும் பழைய இன்டேக்கின் பிளேஞ் தடிப்பும் சமமில்லாவிட்டால், இரண்டையும் சேர்த்து அமத்துகிற வாஷர் ஒரு பக்கத்தை இறுக்கி மறுபக்கத்தைத் தளர்வாக விட்டுவிடும். உள்ளூரில் செய்த ஹெடர் பூட்டிய கார்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பெயின்ற் எரிந்ததென்று வருவார்கள், உண்மையில் இன்டேக் காற்று இழுக்கும்.

கால்கள் நன்றாக இருந்து, நான்கும் சேரும் இடம் மட்டும் எரிந்திருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாகச் சுடவில்லை. எரியாத பெற்றோல் வெளியே போய், சேரும் இடத்தில் மற்றச் சிலிண்டர்களின் சூட்டில் பற்றும். எது சுடவில்லை என்று பார்க்க, ஆறிய எஞ்சினை ஸ்ராட் செய்து அரை நிமிடத்தில் ஒவ்வொரு காலிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று சீறும், ஒன்று சும்மா வழியும். சூடு அளக்கும் லேசர் மீற்றர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மினுங்கும் உலோகத்தில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கறுப்புப் பூச்சு உள்ள இடத்தில் வைத்தால்தான் வாசிப்பை நம்பலாம்.

இவற்றைத் திருத்தின பிறகுதான் பூச்சைப் பற்றிக் கதைக்கலாம்.

நீங்கள் அடித்த சில்வர் பெயின்ற் ஏன் போனது? அது கேற்றுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் அடிக்கிற பெயின்ற். அதில் அலுமினியத் தூள் இருக்கிறது, அது 660 பாகை வரை உருகாது. ஆனால் தூளை இரும்போடு பிடித்து வைத்திருக்கிற பிசின் 200 பாகைக்குள்ளேயே கருகிப்போகும். பிடிமானம் போனால் தூள் எப்படி நிற்கும்? உயர்சூட்டுப் பெயின்ற்றில் அந்தப் பிசின் சிலிக்கோன் வகை. சூடு ஏற ஏற அதிலுள்ள காபன் பகுதி எரிந்து வெளியேறும். சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு வலை மிஞ்சி, தூளை உலோகத்தோடு பிடித்துக்கொள்ளும். சூடு இதைப் பழுதாக்குவதில்லை, முடித்து வைக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் சூடு காட்டுகிற முறை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது தானாக விளங்கும்.

கடையில் வாங்கும்போது டின்னில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். 1200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பரனைற். செல்சியசில் 650 தான். கார் ஹெடருக்கு அது போதும், ஆனால் 1200 செல்சியஸ் தாங்கும் என்று நினைத்து ரேஸ் எஞ்சினுக்கு அடிக்கக் கூடாது. ‘எஞ்சின் எனாமல்’ என்று இன்னொரு டின் வரும். 500 பரனைற், அதாவது 260 பாகை. அது எஞ்சின் புளொக்குக்கும் வால்வ் கவருக்கும். ஹெடருக்கு அடித்தால் நாற்றம்தான் மிச்சம். ‘ஹீற் ரெசிஸ்டன்ற்’ என்று மட்டும் எழுதி, எண் எதுவும் இல்லாத டின்னை வாங்கவே வேண்டாம். வி.எச்.ரி. பிளேம்புரூப் மாதிரி, சிலிக்கோனோடு செரமிக் தூளும் சேர்ந்த ஸ்ப்ரே டின்கள் கிடைத்தால் நல்லது. கறுப்பு, சாம்பல், அலுமினியம் ஆகிய நிறங்கள் நீடிக்கும். சிவப்பு, நீலம் எல்லாம் சூட்டில் நிறம் மாறிவிடும்.

உலோகத்தைத் தயார்செய்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. துருவை வெறும் வயர் பிரஷால் தேய்த்தால் போதாது. வேகமாகச் சுற்றும் வயர் பிரஷ் துருவை எடுப்பதோடு மேற்பரப்பை மினுக்கியும் விடுகிறது. மினுங்குகிற இரும்பில் பூச்சுக்குப் பிடி இல்லை. பிரஷ் போட்ட பிறகு 80 அல்லது 120 எமரித் தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும். காற்றழுத்தத்தால் மணலை வீசித் தேய்க்கிற மணல் வீச்சு செய்ய முடிந்தால் அதற்கு நிகர் வேறில்லை. வெல்டிங் மடிப்புகளுக்குள் எல்லாம் போய்ச் சுத்தம் செய்துவிடும், ஒரே மாதிரிச் சொரசொரப்பும் கிடைக்கும்.

மணல் வீச்சு என்றதும் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு சாக்கு மணல் அள்ளி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கடல் மணலில் உப்பு இருக்கிறது. வீசுகிற ஒவ்வொரு மணியும் இரும்பின் குழிகளுக்குள் உப்பை அடித்து ஏற்றிவிடும். பூச்சுக்குக் கீழேயே துரு தொடங்கிவிடும். ஆற்று மணலும் ஆபத்துத்தான், காரணம் வேறு. மணல் உடைந்து பறக்கிற சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, பிறகு எந்த மருந்துக்கும் திரும்பாத நோயைக் கொடுக்கும். முகத்தில் துணி கட்டினால் அது நிற்காது. கார்னெற் மணியோ உலோகக் கசடோ பயன்படுத்துகிற, மூடிய பெட்டி வைத்திருக்கிற இடத்தில் கொடுங்கள். அது இல்லாவிட்டால் எமரித் தாளும் பொறுமையும் போதும்.

பழைய வாகனத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பழைய மனிபோல்ட் கஸ்கட்டில் கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கிரைண்டரால் பறக்க விடாதீர்கள். தண்ணீரில் நனைத்து, தட்டைக் கத்தியால் மெதுவாகச் சுரண்டி, ஈரமாகவே ஒரு பையில் போட்டுக் கட்டி அகற்றுங்கள்.

வார்ப்பு இரும்பு மனிபோல்ட்டைப் பூசப்போகிறவர்கள் இங்கே ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டும். வார்ப்பு இரும்பின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். தொண்ணூறுகளில் பெற்றோல் வன்னிக்குள் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின், மொரிஸ் கார்கள் இன்னும் சில வீடுகளில் நிற்கின்றன. பெற்றோலில் ஸ்ராட் செய்து, மனிபோல்ட் நன்றாகச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், இல்லாவிட்டால் அது ஆவியாகாமல் புகைக்கும். அந்தக் கார்களை ஓட்டி வைத்திருந்த மெக்கானிக்குகளின் கைத்திறனுக்கு எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் தகும். ஆனால் அந்த மனிபோல்ட்டுகளில் பல வருடத்துப் புகைக்கரியும் எண்ணெயும் ஏறியிருக்கும். தின்னரால் மேலே துடைத்தால் சுத்தமாகத் தெரியும், சூடேறியதும் உள்ளிருந்து எண்ணெய் கசிந்து பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். அதனால் முதலில் வெறும் மனிபோல்ட்டை மெதுவாக, எல்லாப் பக்கமும் சமமாகச் சூடாக்கிப் புகை நிற்கும்வரை விட்டு, தானாக ஆறவிட்டு, பிறகு தேய்க்க வேண்டும். சூட்டோடு தண்ணீர் பட்டால் வெடித்துவிடும்.

துரு மாற்றும் திரவங்கள் கடையில் வருகின்றன, அடித்தால் துரு கறுப்பாக மாறும். சேஸிக்கு நல்லது. ஹெடருக்குக் கீழ்ப்பூச்சாகக் கூடாது, அந்தப் படலம் சூட்டில் உடைந்து மேலே உள்ளதையும் கூட்டிக்கொண்டு போகும். சாதாரணப் பிறைமரும் அப்படியே. உயர்சூட்டுப் பெயின்ற்றில் பெரும்பாலானவை வெறும் இரும்பின் மேல் நேரடியாக அடிப்பதற்குத்தான் செய்யப்பட்டவை.

தேய்த்து முடிந்ததும் அசற்றோன் அல்லது நல்ல லக்கர் தின்னரால் துடையுங்கள். மண்ணெண்ணெய், டீசல் கூடாது, அவை ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். ஒரு துணியால் ஈரமாகத் துடைத்து, காய முதல் இன்னொரு சுத்தத் துணியால் எடுத்துவிட வேண்டும். துணியில் கறுப்பு வராதவரை திரும்பச் செய்யுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பாவித்தால் அது முழுதாகக் காய்ந்து பறக்கும்வரை சூடு, வெல்டிங் எதுவும் கிட்டவே வரக் கூடாது, பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். எங்கள் வெயிலில் வியர்க்கிற கையில் உப்பும் எண்ணெயும் சேர்ந்தே இருக்கும். விரல் பட்ட இடத்திலேயே விரல் வடிவத்தில் பூச்சு உரிந்து வந்த ஹெடர்கள் உண்டு.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் தேய்த்த இரும்பு மத்தியானத்துக்குள் மஞ்சளாகிவிடும். அடித்த பெயின்ற்றும் ஈரத்தை இழுத்து வெண்மை பூக்கும். ஆடி, ஆவணியில் பெயின்ற் நன்றாகக் காயும், ஆனால் கச்சான் காற்றில் செம்மண் புழுதி வந்து ஈரப் பூச்சில் ஒட்டும். மாசி, பங்குனி நல்ல காலம். அவசரம் என்றால் ஆடியிலும் செய்யலாம், காற்றெழும்ப முதல் காலையில், நிலத்தில் தண்ணீர் தெளித்து, நாற்பக்கமும் தறப்பாள் கட்டிவிட்டு.

அடிக்கும்போது மெல்லியதாக அடிக்க வேண்டும். தடிப்பாக அடித்தால் நாள் கூடப் பிடிக்கும் என்பது இங்கே நேர்மாறு. அரை மீற்றர் இரும்புக் குழாய் 500 பாகை சூடேறும்போது 3 மில்லிமீற்றர் நீளும், ஆறும்போது திரும்பச் சுருங்கும். ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கும். மெல்லிய படலம் அதோடு சேர்ந்து போய்வரும். தடித்த படலம் வெடித்துச் செதிலாக விழும். ஸ்ப்ரே டின்னை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, முதல் கோட் இரும்பு பாதி தெரிகிற மாதிரிப் பனிபோல அடியுங்கள். பத்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று கோட் போதும். எல்லாம் சேர்ந்தும் ஒரு தலைமுடியின் தடிப்பைத் தாண்டக் கூடாது. கால்களுக்கு இடையிலுள்ள மறைவிடங்களை முதலில் அடித்துவிட்டு வெளிப்பக்கத்துக்கு வந்தால் வெளியே தடித்துப்போகாது.

கஸ்கட் உட்காரும் முகத்தில் ஒரு துளி பெயின்ற்றும் படக் கூடாது. அங்கே பட்டது எரிந்து போனதும் அந்த இடைவெளியால் வாயு கசியும். முதலே மறைப்பு நாடா ஒட்டுங்கள். போல்ற் ஓட்டைகளுக்கும் அப்படியே. ஒட்சிசன் சென்சர் உள்ள வாகனம் என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, துளையை மூடிவிடுங்கள். சிலிக்கோன் அந்தச் சென்சரைக் கெடுக்கும். குழாயின் உட்பக்கம் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று கேட்பார்கள். இந்த வகைப் பெயின்ற் உள்ளே நிற்காது, உரிந்து சைலன்சருக்குள் போகும்.

இனி சூடு காட்டுதல். டின்னில் எழுதியிருப்பதைப் படியுங்கள், கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும். பொதுவாகச் சூளையில் என்றால் 120 பாகையில் அரை மணி நேரம், ஆறவிட்டு 200 பாகையில் அரை மணி, திரும்ப ஆறவிட்டு 340 பாகையளவில் அரை மணி. பேக்கரிப் போறணையில் வைத்து எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இருப்பார்கள். பாண் சுடுகிற போறணையில் இதை வைக்கவே கூடாது, வெளியேறும் ஆவி செங்கல்லில் படியும். விறகு நெருப்பில் நேராகக் காட்டுவதும் சரிவராது, காயாத பூச்சில் புகைக்கரி ஒட்டும், சூடும் சமமாக ஏறாது.

எங்களுக்குள்ள நல்ல சூளை எஞ்சின்தான். ஹெடரைப் பூட்டி, ஒரு நாள் வெயிலில் காய்ந்த பிறகு, ஐட்லிங்கில் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கையால் தொடுகிற அளவுக்கு ஆறட்டும். பிறகு இருபது நிமிடம், திரும்ப ஆறவிடுங்கள். மூன்றாவது முறை ஊருக்குள் மெதுவாக ஒரு அரை மணி ஓட்டம். முதல் இரண்டு முறையும் புகை வரும், நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம். மூடின கராஜுக்குள் மட்டும் செய்யாதீர்கள். இந்தச் சுற்று முடியும்வரை பூச்சு பிஞ்சு, பெற்றோல் ஒரு சொட்டு விழுந்தாலும் கரைந்துவிடும். பூசிய அன்றே பரந்தன் வரை வேகமாக ஓடிப் பார்க்கிற ஆசையால் கெட்ட ஹெடர்கள்தான் அதிகம். உள்ளே இருக்கிற தின்னர் வெளியேற நேரமில்லாமல் கொதித்து, மேலே கொப்பளம் போடும்.

எஞ்சின் புதிதாகச் செய்தவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ரிங் போட்டு, காம் மாற்றி முதல் தடவை ஓடவிடும்போது 2000 ஆர்.பி.எம். அளவில் தொடர்ந்து ஓடவிட வேண்டும். பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேற்றரும் டைமிங்கும் அப்போது சரியாகப் பிடிபட்டிருக்காது. ஹெடர் சிவக்கிற நேரம் அதுதான். அதற்குப் பழைய மனிபோல்ட்டைப் பூட்டி ஓட்டி முடித்துவிட்டு, பிறகு பூசியதை மாட்டுங்கள்.

செரமிக் கோட்டிங் பற்றி. டின்னில் ‘செரமிக்’ என்று எழுதி வருகிற பெயின்ற்றும், கோட்டிங் செய்கிற கூடத்தில் செய்து தருகிற செரமிக்கும் வேறு வேறு. கூடத்தில் மணல் வீச்சு செய்து, உள்ளும் புறமும் பூசி, சூளையில் வைத்து எடுப்பார்கள். வெள்ளி மாதிரி மினுங்குகிற வகை 700 பாகையளவு தாங்கும், மங்கலான கறுப்பு வகைகள் அதற்கும் மேல். இதற்கும் மேலே பிளாஸ்மா வீச்சில் சிர்கோனியா என்ற செரமிக் பொருளை உருக்கி அடிக்கிற முறை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஹாவெல் அணு ஆய்வு நிலையத்தில் வளர்ந்த தொழில்நுட்பம், சிர்கோரெக் என்ற கம்பனி கார்களுக்குச் செய்கிறது. இரும்பு கடத்துகிற வெப்பத்தில் சிறிய பங்கைத்தான் சிர்கோனியா கடத்தும், மெல்லிய படலமே பெரிய தடுப்பாகிவிடும். அந்தச் சிர்கோனியாவின் மூலப்பொருளான சிர்கோன், கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைற், ரூட்டைல் என்ற கனிமங்களோடு கலந்து கிடக்கிறது. நாங்கள் கால் வைத்து நடக்கிற கரையில் இருக்கிற பொருள் அது என்று இந்த வேலை செய்கிற பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் காருக்கு அது தேவையா? 4கேயில் காபரேற்றர் எக்ஸோஸ்டுக்கு நேர் மேலே இருக்கிறது. வெயிலில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்ராட் செய்தால் இழுக்காமல் அடம்பிடிக்கிற காரணம் பெற்றோல் அந்தச் சூட்டில் கொதிப்பதுதான். செரமிக் அதைக் குறைக்கும், உண்மை. ஆனால் இரண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டை, எதிலும் முட்டாமல், இரண்டு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டுப் பூட்டினால் மிகக் குறைந்த செலவில் பெரும்பகுதி பயன் கிடைத்துவிடும். கொழும்புப் பக்கம் விசாரித்து, அனுப்பி, காத்திருந்து செரமிக் செய்வது நல்ல குழாயில் நேர்த்தியாகச் செய்த ஹெடருக்குத்தான் தகும். வெல்டிங்கில் நுண்துளை உள்ள ஹெடரைச் செரமிக் காப்பாற்றாது.

நாடா சுற்றுவதை நான் மறுக்கிறேன். ரேஸ் ஓடுகிறவர்கள் சுற்றுவார்கள், அவர்கள் ஹெடரை அடிக்கடி மாற்றுவார்கள். வன்னியில் மாரி வந்தால் குளம் நிரம்பி வான் பாய்ந்து வீதிக்குக் குறுக்கே தண்ணீர் ஓடும், கார் அதற்குள்ளால் போகத்தான் வேண்டும். அந்தச் சேற்றுத் தண்ணீரை நாடா குடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே குழாய் பகலில் சூட்டிலும் இரவில் ஈரத்திலும் கிடந்து, வெளியே தெரியாமல் அரித்துப்போகும். குழாயின் சூடும் வெளியேற வழியில்லாமல் கூடும், வார்ப்பு மனிபோல்ட் என்றால் வெடிக்கவும் கூடும். வால்வ் கவரிலிருந்து எண்ணெய் கசிகிற பழைய எஞ்சினில் அந்த நாடா எண்ணெயில் ஊறித் தீப்பிடிக்கவும் கூடும். பழைய புகைக்குழாய்களில் சுற்றிய கல்நார்க் கயிற்றைக் கழற்றிவந்து சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, அதைக் கையில் எடுக்கவும் கூடாது.

அதே வான் தண்ணீர் பெயின்ற் அடித்த ஹெடருக்கும் சோதனைதான். சூடான குழாயில் குளிர்ந்த தண்ணீர் அடித்தால் பூச்சு சுருங்குகிற வேகமும் இரும்பு சுருங்குகிற வேகமும் ஒத்துவராது. தண்ணீர் கடக்க முதல் ஐந்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள், பிறகு மெதுவாகக் கடவுங்கள், தண்ணீர் மேலே எழும்பாது. நாயாறு, முல்லைத்தீவுப் பக்கம் கரையோரம் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை ஆறிய எஞ்சினில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட வேண்டும்.

வெளிப்பூச்சு உட்துருவைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். வீட்டிலிருந்து சந்தைக்குப் போய் உடனே திரும்புகிற ஓட்டத்தில் குழாய் சூடேற முதலே கார் நின்றுவிடும், அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். இடைக்கிடை ஒரு நீண்ட ஓட்டம் கொடுப்பதுதான் அதற்கு மருந்து.

பூட்டும்போது ஸ்டட்டுகளில் செப்பு அல்லது நிக்கல் கலந்த உயர்சூட்டுக் கிறீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். கிடைத்தால் பித்தளை நட் போடுங்கள், அது துருப்பிடித்து ஸ்டட்டோடு ஒட்டாது, அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட் முறியாது. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக இறுக்குங்கள். மூன்று தடவை சூடாகி ஆறிய பிறகு, குளிர்ந்த நிலையில் திரும்ப ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், புதிய கஸ்கட் கொஞ்சம் அமர்ந்திருக்கும். கல் பட்டு எங்காவது பூச்சு பெயர்ந்திருந்தால் முழு ஹெடரையும் கழற்றத் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் எமரித் தாளால் வெறும் இரும்பு தெரியத் தேய்த்து, அசற்றோனால் துடைத்து, மெல்லியதாக இரண்டு கோட் அடித்து, அதே பத்து நிமிடம், இருபது நிமிடம் முறையில் சூடு காட்டினால் போதும். படத்தை அனுப்புங்கள் தம்பி, எந்தக் காலில் எரிந்தது என்று பார்த்துவிட்டு டைமிங்கா கஸ்கட்டா என்று சொல்கிறேன்.